சாத்திய படல்

படல் சாத்திக் கிடந்தது.

அப்பா வண்டியை நிறுத்துவதற்குள் மதலேன் குதித்துவிட்டாள். முள்கம்பிப் படலுக்கு இந்தப் பக்கம் அறுபது மாடுகள், கன்றுகளோடு நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. கத்தக்கூடத் தெம்பில்லாமல் முனகின.

அந்தப் பக்கம் ஊற்றுத் தொட்டி நிரம்பி வழிந்து, தண்ணீர் வீணாக மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது.

நெவாடாவின் ஆகஸ்ட் வெயில். இந்தப் பக்கத்துக் கிணறு இந்த வருஷம்தான் கைவிட்டது. அதனால்தான் போன வாரம் அப்பாவும் அவளுமாகப் படலைத் திறந்து வைத்துவிட்டுப் போனார்கள்.

திறந்திருந்தால் திறந்தபடி விடு, மூடியிருந்தால் மூடியபடி விடு. அந்தச் சீமையில் வழிப்போக்கனுக்குக்கூடத் தெரிந்த சட்டம் அது.

இரண்டு கன்றுகள் கம்பியோரம் செத்துக் கிடந்தன.

கன்றுகளைப் பார்த்ததும் எரமுன், அதுதான் அவள் அப்பா, வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

“எந்தப் பாவிம்மா இதைச் சாத்துனது? நாக்கு வறண்டு சாவான் அவன்.”

அவள் கம்பத்துக்கு ஓடினாள். இன்னும் கொஞ்சம் விட்டால் மாடுகள் கம்பியில் பாய்ந்து கிழிபடும். வைக்கோல்கட்டுக் கயிற்றால் படலைக் கம்பத்தோடு இறுக்கிக் கட்டியிருந்தது.

கயிற்றின் நுனி பிய்ந்து நைந்திருந்தது. பல்லால் கடித்து இழுத்த நுனி.

வாலிபத்தில் மாட்டுக்குச் சுருக்கு வீசும்போதே அப்பாவின் வலது கட்டைவிரல் போய்விட்டது. அன்றிலிருந்து எந்த முடிச்சையும் பல்லால்தான் இறுக்குவார்.

நாலு நாளைக்கு முன் மாடுகள் நக்க உப்புக்கட்டி போட அவர் தனியாக வந்திருந்தார். ஆகஸ்ட் வந்தால் வருஷா வருஷம் அவரே சாத்துகிற படல்தான் இது. இந்த வருஷம் மட்டும் கூடாது.

மதலேன் கயிற்றை அறுத்துப் பைக்குள் திணித்தாள். படல் விழுந்ததும் மாடுகள் முண்டியடித்துக்கொண்டு தண்ணீருக்கு ஓடின.

“வேட்டைக்கு வந்தவனுங்கப்பா. வேற யாரு.”

எரமுன் அவள் பையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த கயிற்று நுனியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு வண்டியைச் சுற்றிப் போய், மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

இத்தனை வருஷத்தில் அந்த வண்டியை அவர் யாரையும் ஓட்ட விட்டதில்லை. மதலேன் வந்து பார்த்தபோது ஓட்டுகிற இருக்கையில் சாவி கிடந்தது.