வெறும் கவனிப்பு

வீடு தூங்கியதும் தம்பி மெதுவாக அக்காவின் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினான்.

"அக்கா, நாளைக்கு நான் ஸ்கூலுக்குப் போகலை. அவனுங்க நாலு பேரும் என்னைக் கொன்னே போட்டுடுவானுங்க."

உளவியல் ஆராய்ச்சியில் மூழ்கியிருந்த அக்கா சட்டென்று லேப்டாப்பை மூடினாள்.

"விளையாட்டு அறையில புதுசா ஒரு பெரிய கண்ணாடி மாட்டியிருக்காங்க. அதுல என் மூஞ்சியை அழுத்திப் பிடிச்சு அடிச்சானுங்க. தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு ஈ காக்கா வரலை."

அக்காவின் கண்கள் கலங்கின. எதற்கும் அசையாத ராட்சசி அழுவதைப் பார்த்ததும் அவனுக்குப் பயம் கூடியது.

"அழுமூஞ்சி, நீ பெரிய சைக்காலஜிக்காரிதானே? ஏதாவது பரிசோதனை பண்ணி அவனுங்களைத் திருத்தேன்."

"என்னோடது பரிசோதனை இல்லடா. பசங்க தானா எப்படி நடந்துக்கறாங்கன்னு அவங்களுக்குத் தெரியாம பார்க்கணும், அவ்வளவுதான். நடுவுல போய்த் தடுத்தா மொத்த உழைப்பும் வீணாயிடும்."

"வேடிக்கை பார்க்கறதுக்கெல்லாம் ஒரு படிப்பா!"

அவள் களிம்பை எடுத்து, அவன் இடது காதுக்குப் பின்னால் முடியை விலக்கி, வீங்கிய இடத்தில் தடவினாள்.

சில்லென்று இருந்தது. பிறகுதான் அவனுக்கு உறைத்தது. முடி மறைத்த அந்த வீக்கத்தைப் பற்றி அவன் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

"அக்கா... அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி இருந்து பார்த்தா, நாங்க தெரிவோமா?"

தடவிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் பொறுத்துக்கோடா, தங்கம். அதோட முடிஞ்சுடும்."