வருகைப் புத்தகம்

"நாலு மீட்டிங் போட்டாச்சு. புஷ்பலதா ஒரு தடவையாச்சும் வந்து கையெழுத்து போட்டிருக்கா?" மலேசியாவின் ஈப்போ நகரப் பஜனைக் குழுத் தலைவர் பத்துமலை மைக்கில் சீறினார்.

வருகைப் புத்தகத்தை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார்.

"கடுதாசி மட்டும் வருது. அவளுக்காக நாம பஜனை பாடுற இடத்தையே மாத்தணுமாம்!"

குழுவின் இளைஞன் தீபன் மட்டும் எழுந்தான். "அண்ணே, அவங்களால..."

"நீ உக்காருலா! சாமி மேல ஆசை இருக்கவ நேர்ல வந்து பேசுவா. இவளுக்குத் திமிரு."

கைகள் உயர்ந்தன. நான்கு கூட்டங்களுக்கு வராத புஷ்பலதா குழுவிலிருந்து நீக்கப்பட்டார்.

கூட்டம் முடிந்ததும் பத்துமலை கடைவீட்டு மாடியிலிருந்து செங்குத்துப் படிகளில் இறங்கினார். கீழே, வழக்கம்போல, கழற்றிப்போட்ட செருப்புகளுக்கு நடுவே சக்கர நாற்காலியில் புஷ்பலதா இருந்தார். நாலு கூட்டத்துக்கும் அவர்தான் காவல். ஒவ்வொரு முறையும் "செருப்பு பத்திரம்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறியவரே பத்துமலைதான்.

"என் புதுச் செருப்பு எங்க?"

"நாய் தூக்கிட்டுப் போயிருச்சு, அண்ணே."

"வெரட்டாம சும்மாவா இருந்த?"

"வெரட்டத்தான் பாத்தேன். அதுக்குள்ள என்னை நீக்கிட்டதா மைக்குல சொன்னீங்க. வெளியாளு நான், குழு விஷயத்துல தலையிடலாமா?"