சிங்கத்தின் வலது காது

"நான் பார்த்து முடிக்கிற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் முதல் நாற்காலியைக் கவிழ்த்தாள்.

பழைய மரச்சாமான்களுக்கு வயது சொல்வது அவள் தொழில். வீட்டுக்காரர்கள் பேச்சைக் கேட்டால் கண் கெட்டுவிடும் என்பது அவள் கட்சி. ராஜா உட்கார்ந்தது, கப்பலில் வந்தது என்று ஆளாளுக்கு அளந்து விடுவார்கள். மரத்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

அக்காவும் தம்பியும் சுவரோரம் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். இருவருமே ஐம்பதைத் தாண்டியவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அப்பா கண்ணை மூடும் முன் வாய்வார்த்தையாகச் சொன்னதுதான் தகராறு. கைப்பிடியில் சிங்கத்தலை வைத்த இரண்டு நாற்காலிகளில் பழையது மகளுக்கு, அதைப் பார்த்துச் செய்தது மகனுக்கு. இரண்டும் பாலிஷுக்குப் போய் வந்ததும் எது எதுவென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அதில் தொடங்கிய வாக்குவாதம், பேச்சுவார்த்தையே நின்றுபோகும் அளவுக்கு முற்றிவிட்டது.

பழசுக்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள். அவள் பார்க்காத வீடா?

டார்ச்சை அடித்தாள். ஒன்றின் அடிப்பலகையில் கைவாள் இழுத்த நேர்க்கோடுகள். இன்னொன்றில் இயந்திர வாள் விட்ட வளைந்த கோடுகள். பாதி வேலை அங்கேயே முடிந்தது.

கால்கள் நான்கும் உருண்டையைக் கவ்விப் பிடித்த புலிப்பாதங்கள். அவை இரண்டிலும் ஒன்றுதான். தலைகளுக்கு வந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பழையதைச் செதுக்கியவர் தன் வாழ்நாளில் சிங்கத்தைப் பார்த்ததே இல்லை. நாயைப் பார்த்துச் செதுக்கிப் பிடரி வைத்திருக்கிறார். அதிலும் ஒரு நாய் சிரிக்கிறது, மற்றது முறைக்கிறது. பின்னால் வந்தவர், சிரிக்கும் முகத்தையே இரண்டு கைப்பிடியிலும் வைத்துவிட்டார். தினமும் பார்ப்பவர்கள் கண்ணுக்கு இதெல்லாம் படாது.

கடைசியாகக் கண்ணை மூடி, ஒவ்வொரு தலையையும் விரலால் தடவினாள். புதியதன் வலது கைப்பிடியில், சிங்கத்தின் காதோரம், பாலிஷுக்கு அடியில் சின்னச் சின்னப் பள்ளங்கள் தட்டுப்பட்டன. மனசுக்குள் குறித்துக்கொண்டாள்.

எழுந்து கையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"கதவோரம் இருக்கிறதுதான் பழசு. நூறு வயசுக்குக் குறையாது. ஜன்னலோரம் இருக்கிறது அறுபதைத் தாண்டாது. யார்கிட்ட வேணும்னாலும் காட்டுங்க, இதைத்தான் சொல்வாங்க."

தோற்றவரைத் தேற்றுவதும் அவள் வழக்கம். தம்பியிடம் திரும்பினாள். "பார்த்துச் செஞ்சதுன்னாலும் நல்ல கை சார். மனசை விட்டுடாதீங்க."

தம்பியின் முகமோ மலர்ந்து கிடந்தது. அக்காவின் கண்கள்தான் நிறைந்துவிட்டன.

வயது சொல்ல வந்தவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பழசு கிடைத்த மனுஷி எதற்கு அழ வேண்டும்?

"அம்மா, உங்களோடதுதான் ஒசத்தி" என்று அவசரமாகச் சமாதானம் சொன்னாள். "அந்தப் புதுசுல குறை வேற இருக்கு. வலது காதை ஏதோ நாய்க்குட்டி கடிச்சு வச்சிருக்கு."

அக்கா சட்டென்று நிமிர்ந்தாள். நடந்துபோய் அந்தக் காதைத் தடவினாள்.

"நாய்க்குட்டி இல்லைங்க. நான்தான். பல்லு முளைக்கிறப்போ அம்மா மடியில உட்கார்ந்து நாற்காலியைக் கடிச்சுக்கிட்டே இருப்பேன்னு அப்பா சொல்வார். எந்த இடம்னு இன்னைக்குத்தான் தெரியுது."

கல்யாணமான புதிதில், தனக்குச் சமமாக மனைவியும் உட்கார வேண்டும் என்று அப்பா சொல்லிச் செய்த நாற்காலி அது. இத்தனை நாளும் அக்காவும் தம்பியும் அடித்துக்கொண்டது அதற்காகத்தான். பழசை இரண்டு பேருமே கேட்கவில்லை.

மரத்தின் வயதைப் பற்றி அவள் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை. மனுஷர்களைப் பற்றித்தான் ஆரம்பத்திலிருந்தே தப்பு.

தம்பி மண்டியிட்டுக் குனிந்தான். காதோரத்துப் பள்ளங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தான். அவன் பிறந்த அன்றே அம்மா போய்விட்டாள்; அக்காவுக்கு அப்போது ஆறு வயது. அவளுடைய எந்த நினைவும் அவனிடம் கிடையாது. எதை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது.

அவன் எழுந்து நாற்காலியை அக்கா பக்கமாகத் திருப்பினான்.

"நீ உட்காருக்கா. அம்மா எப்படி உட்காருவாங்கன்னு எனக்குக் காட்டு."

வயது சொல்ல வந்தவள் டார்ச்சை அணைத்தாள். இந்த முறை வாயைத் திறக்காமல் சுவரோரம் போய் நின்றது அவள்தான்.

அக்கா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்து, மடியின் வலது பக்கத்தில் ஒரு குழந்தைக்கு இடம் விட்டு.