ஏர்பேக் விளக்கு அணையணும்

அப்பா ஸ்டீயரிங்கை ஓங்கிக் குத்தினார். ஹாரன் ஒரு தடவை அலறி ஓய்ந்தது. மீட்டரில் அந்தச் சிவப்பு விளக்கு மட்டும் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

“என்ன பாய் வேலை பார்க்குறீங்க? மூணாவது தடவை வந்து நிக்கிறேன். இதே ஏர்பேக் லைட்டு!”

சோலோன் பேட்டையில் லாரிகளுக்கு நடுவே ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஷம்சுல் ஆலம் மாமா, இந்த அயல்நாட்டு ஊரில் எங்களுக்குத் தெரிந்து தமிழ் பேசும் ஒரே மெக்கானிக். காரில் சொருகிய ஸ்கேனரைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

“கத்தாதீங்கண்ணே. ரெண்டு தடவையும் சரி பண்ணித்தான் அனுப்பினேன். வீடு வரைக்கும் எரியலைன்னு நீங்கதானே போன்ல சொன்னீங்க?”

“அப்புறம் எப்படி விடிஞ்சதும் எரியுது?”

“அதான் மண்டை காயுது. போன ரெண்டு தடவையும் டிரைவர் சீட்டுப் பக்கம்தான் கோளாறு காட்டுச்சு. லூஸா இருக்குன்னு அழுத்தி விட்டேன். இன்னைக்கு ரெண்டு பக்கமும் காட்டுது.”

“ரெண்டு பக்கமுமா?”

அப்பா சட்டென்று ஸ்கேனரை எட்டிப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் பின்னால் நகர்ந்துகொண்டேன். அதற்குள் போன் அடித்தது. அம்மா. அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

“அணைஞ்சுதா, இல்லையா?”

“பார்த்துட்டு இருக்காங்க ஜூலியேத்.”

“இன்னும் எவ்வளவு நேரம் பார்ப்பாங்க? நாளைக்குக் காலையில கிளம்பியே ஆகணும். மடத்துல சிஸ்டர்ங்க எத்தனை தடவைதான் காத்திருப்பாங்க? ஆனா லைட்டு எரியுற வண்டிய மலை ஏத்த விடமாட்டேன். என் தம்பி அந்த ரோட்டுலதான் உசுர விட்டான்.”

“சரி, சரி.”

“சரி சரின்னா? நேர்ச்சைய பாக்கி வச்சுட்டு எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது.”

போன் வைத்ததும் மாமா கேட்டார். “பஸ்ல போயிடலாமேண்ணே?”

“முடியாது பாய். நானே வண்டி ஓட்டிட்டுப் போய் பொண்ண ஒப்படைக்கணும்னு அவ வேண்டியிருக்கா.”

கொரோனாவில் அப்பா ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடந்தபோது அம்மா மாதா முன்னால் முழங்காலில் விழுந்து வேண்டினாள். அவர் பிழைத்து எழுந்தால், தன் கையாலேயே வண்டி ஓட்டிப்போய் ஒடெட்டை, அதாவது என்னை, தாலாத் மலையில் இருக்கும் கன்னியர் மடத்தில் கன்னியாஸ்திரியாக விட்டுவிட்டு வருவார் என்று.

அப்பா எழுந்துவிட்டார். நான் பள்ளிக்கூடம் முடித்துவிட்டேன். என்னை யாரும் கேட்கவில்லை. அப்பாவிடம் அழுது பார்க்கலாம் என்றால், அந்த நேர்ச்சையால்தான் அவருக்கு உயிரே இருக்கிறது. அவர் எந்த வாயால் வேண்டாம் என்பார்?

“ஐஸ் காப்பி குடிச்சுட்டு வர்றேன். அதுக்குள்ள முடிங்க” என்று அப்பா கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.

மாமா டார்ச் அடித்து முன் சீட்டுகளுக்குக் கீழே குனிந்து பார்த்தார். வெகு நேரம் எழுந்திருக்கவில்லை.

“ஒடெட், இங்க வா. நீ உட்கார்ற சீட்டுதானே இது?”

வயர்களைச் சேர்க்கும் மஞ்சள் கப்ளர் இரண்டாகப் பிரிந்து கிடந்தது.

“இதுக்கு லாக் இருக்கு. அமுக்கி இழுத்தாத்தான் வரும். யாரு இழுத்தா?”

என் கண்ணே காட்டிக்கொடுத்தது.

“அடிப்பாவி! இதுல கை வைக்கலாமா? சீட்டுக்குள்ள இருக்குற பலூன் மூஞ்சிக்கு நேரா வெடிச்சா என்ன ஆகும் தெரியுமா? மூணு தடவையும் நீதானா?”

“இல்ல மாமா, சத்தியமா இல்ல. இன்னைக்குக் காலையிலதான், அதுவும் என் சீட்டுல மட்டும்தான். முதல் ரெண்டு தடவையும் மாதாதான் எரிய வச்சாங்க. இந்தத் தடவை அவங்க மறந்துட்டா என்ன பண்றதுன்னு பயந்துபோய்…”

“மாதாவுக்கு வேற வேலையே இல்லையா? என் ஒர்க்‌ஷாப்ல வந்துதான் விளையாடணுமா?”

“நான் மடத்துக்குப் போகமாட்டேன் மாமா. பயமா இருக்கு. அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, கொன்னுடுவார்.”

மாமா டார்ச்சை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“சொல்லமாட்டேன். ஆனா இப்படியே அனுப்பவும் முடியாது புள்ள. எங்கயாவது மோதினா பலூன் விரியாது. என் பொண்ணு கெஞ்சினாலும் இதேதான்.”

இரண்டு சீட்டுக்கும் கீழே கப்ளர்களைச் சேர்த்து, பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டினார். ஸ்கேனரில் கோளாறை அழித்தார். சாவியைத் திருப்பினார். விளக்கு ஒரு தடவை மினுக்கிவிட்டு அணைந்தது. அணைந்தே இருந்தது.

அப்பா வந்து மீட்டரைக் குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் முன்னால் கத்திய மனிதர் மெதுவாகக் கேட்டார்.

“அணைஞ்சிடுச்சா?”

“ஆமாண்ணே. ரெண்டு பக்கமும் கட்டியாச்சு. இனிமே தானா கழலாது. யாராவது வெட்டினாத்தான் உண்டு.”

அப்பா தன் போனை என்னிடம் நீட்டினார். “வெளிய போய் அம்மாகிட்ட சொல்லு. அணைஞ்சிடுச்சுன்னு.”

வாசலில் நின்றேன். மோட்டார்பைக்குகள் கத்திக்கொண்டு போயின. நம்பரை அழுத்த விரல் வரவில்லை. இப்போதாவது அப்பாவிடம் அழுதுவிடலாம் என்று உள்ளே திரும்பினேன்.

அவர் எனக்கு முதுகைக் காட்டியபடி, மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“என் சீட்டுக்குக் கீழ இருக்கிற கட்ட மட்டும் வெட்டி விட்டுடுங்க, பாய்.”