பாய் விரியும் அகலம்

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறை. மாதேஸ்வரன் மேசைக்கடியில் மல்லாந்து கிடந்து, டிராயிங் போடும் கணினியின் சிபியு பெட்டியைப் பலகையின் அடியில் தொங்கவிடுகிறான். லாரித் தார்ப்பாய் கட்டும் இரண்டு பட்டைகள் அதைத் தாங்குகின்றன. பின்பக்க விசிறி உள்ளே சேரும் சூட்டை வெளியே தள்ள வேண்டும். சுவரைப் பார்த்து வைத்தால் சூடு திரும்பிவிடும். அதனால் விசிறி அறைப் பக்கம் பார்க்கிறது. பெட்டி இருந்த தரையில் தூசி படாத ஒரு சதுரம் தெரிகிறது. இதுவரை பாதி மடித்தே கிடந்த பாய் இப்போது முழுதாக விரிகிறது. அஞ்செட்டியில் இருக்கும் மனைவியை போனில் கூப்பிடுகிறான்.

“சரிதா, இப்ப ரெண்டு பேர் தாராளமா படுக்கலாம். வந்துடு.”

“போன தடவ உக்காந்துட்டே தூங்குனேன். அந்தப் பொட்டி எங்க போச்சுங்க?”

“மேசைக்குக் கீழ தொங்குது.”

“வௌவாலாட்டமா?” அவள் சிரிக்கிறாள். பிறகு குரல் தணிகிறது. “பசு இப்பத்தான் கன்னு போட்டிருக்குதுங்க. பால் வத்தட்டும், வர்றேன்.”

பால் வற்ற எட்டு மாதம் ஆகும். கணினியைப் போட்டுப் பார்க்கிறான், பட்டை அசையவில்லை. பழக்கத்தில் பாயின் ஒரு பாதியிலேயே ஒடுங்கிப் படுக்கிறான். கையை நீட்டி மறுபாதியைத் தொடுகிறான். விசிறிக் காற்று பட்டு அது கதகதப்பாக இருக்கிறது.