ஏழாம் மாதத்து விருந்தாளி

ஒன்பது வருடங்களுக்குப் பிறகு சாங்ரோங் தன் சொந்தத் தீவில் வந்து இறங்கினான். கூட வந்த சுற்றுலாப் பயணிகள் கடலையும் கல் வீடுகளையும் படமெடுக்கப் போனார்கள். அவன் தன் வீட்டை நோக்கி நடந்தான்.

வழியில் பக்கத்து வீட்டு ஆகுனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். ஆகுன் முகம் வெளுத்து, திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட்டான்.

மூன்று மணி வெயிலில், மனைவி சியூமெய் வாசலில் மேசை போட்டு வாத்துக்கறியும் சோறும் படைத்துக்கொண்டிருந்தாள். ஏழாம் மாதப் பௌர்ணமி. செத்தவர்கள் பசியோடு வீடு தேடி வரும் நாள்.

"சியூமெய்."

நிமிர்ந்து பார்த்தாள். இன்னொரு கிண்ணத்தில் சோறு வைத்தாள்.

"யாரும்மா அது?" என்றாள் பத்து வயது மகள்.

"உங்கப்பா. புயல்ல மாமாவோட செத்துப்போனாருல்ல, சாப்பிட வந்திருக்காரு. கூப்பிட்டா பதில் பேசாத. கையோட கூட்டிட்டுப் போயிடுவாரு."

அவன் அழுதான். "நான் சாகல சியூமெய். அன்னைக்கு நான் படகுலயே ஏறல. உன் தம்பியைத் தனியா அனுப்பிட்டு, ஒருத்தியோட அக்கரைக்கு ஓடிட்டேன். இப்ப அவளும் துரத்திட்டா. எனக்குப் போக்கிடம் இல்ல."

சியூமெய் அவன் காலடியில், செத்தவர்களின் செலவுக்கென்று எரிக்கும் காகிதப் பணத்தைக் கொளுத்தினாள்.

மகள் அவள் சட்டையை இழுத்தாள். "அம்மா, பேய்க்கு நிழல் விழாதுன்னு சொன்னியே. இவருக்கு விழுதே."

"வந்து நின்னப்பவே பார்த்துட்டேன்," என்றாள் சியூமெய். "நீ ஊதுபத்தியை ஏத்து."