பத்து நிமிடம்

“வெரசா முடி ஆத்தா, மதுரை ரயிலை விட்டுறப் போற!” காமராஜ் பின்னால் நின்று விரட்டினார். போடியில் அந்தச் சின்ன இன்டர்நெட் கம்பெனிக்கு அவர்தான் முதலாளி.

கார்த்திகா பல்லைக் கடித்துக்கொண்டு கீபோர்டைத் தட்டினாள். நாளைக் காலை சென்னையில் புது வேலையில் சேர வேண்டும். ரிலீவிங் லெட்டர் இல்லாமல் அங்கே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்த லெட்டரோ கையெழுத்தாகாமல் காமராஜின் மேஜையில் கிடந்தது. “மலை லைனைச் சரி பண்ணிக் குடு, அடுத்த நிமிசம் போட்டுத் தர்றேன்” என்று நாலு நாளாக அதே பாட்டு.

மலை உச்சி டவர் அறையில் இருந்த யூனிக்ஸ் சர்வர்தான் எஸ்டேட்டுகளுக்கு நெட் கொடுத்தது. புதுசாக அறுபது வீடுகளைச் சேர்த்ததிலிருந்து அது திணறியது. ஒரே நேரத்தில் எத்தனை இணைப்புகளை வாங்கலாம், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு இடம் என்ற அளவுகளைக் கார்த்திகா இங்கிருந்தே கூட்டினாள்.

காமராஜின் சட்டைப் பையில் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஆபீஸ் போனில் எஸ்டேட் சூப்பர்வைசர் பாண்டித்துரை கூப்பிட்டார். “தாயி, நெட்டு பறக்குது!”

அப்பாடா என்று கார்த்திகா பையைத் தூக்கினாள். பத்தே நிமிடத்தில் மறுபடியும் அவரே.

“போச்சு தாயி, பழையபடி சுத்திக்கிட்டே நிக்குது.”

பார்த்தாள். அளவுகள் எல்லாம் பழைய இடத்தில். நாலு நாளில் இது ஒன்பதாவது தடவை. ஆயுசுக்கும் இந்த அறைதானா என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“யாரோ வேணும்னே கலைக்கிறாங்கண்ணே.”

“எவன்டா அவன்?” என்றார் காமராஜ் வேகமாக.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சர்வரின் பதிவேட்டைத் திறந்தாள். கலைத்தது அவளே எழுதிய புரோகிராம்! இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தப்பான அளவால் சர்வர் தொடர்பே அறுந்து, கொட்டும் மழையில் ஜீப்பில் மலையேற வேண்டியதாயிற்று. அன்றைக்கு எழுதியது அது. எதை மாற்றினாலும் முதலாளியின் போனுக்கு ஒரு கேள்வி போகும். பத்து நிமிடத்துக்குள் அவர் ‘சரி’ அமுக்காவிட்டால் பழைய அளவே திரும்பிவிடும். அவர் எப்போதும் உடனே அமுக்கிவிடுவதால், அப்படியொன்று இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

“போனைக் குடுங்கண்ணே.”

ஒன்பது கேள்விகள். ஒன்றுக்கும் பதில் இல்லை.

“ஏண்ணே அமுக்கல?”

காமராஜ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“அமுக்கினா நீ போயிருவியே, ஆத்தா!”